நெல் விலையைத் தீர்மானிப்பது டெல்லியா, ஜெனீவாவா?

திருவாரூர் மாவட்டத்தில் நெல் பயிரிடும் ஒருவர் கேட்டிருப்பது இது: “நெல்லுக்கு விலையைக் கூட்டிக் கேட்டால் உலக வர்த்தக அமைப்பு விடாது என்கிறார்கள். அப்படி என்னதான் கையெழுத்துப் போட்டோம்? 30 வருஷமாகப் பேசியும் ஏன் தீரவில்லை? பேசாமல் வெளியே வந்துவிட்டால் என்ன?” மூன்று கேள்விகளாக இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். என் நெல்லுக்கு வரும் விலை யார் கையில் இருக்கிறது, யாரிடம் போய்க் கேட்பது என்பதே அவருடைய கவலை. அதை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன். நான் வேளாண் பொருளியல் சொல்லிக்கொடுத்தவன். கொள்முதல் கணக்குகளையும், உலக வர்த்தக அமைப்பின் தலைமையகமான ஜெனீவாவில் நாடுகள் தாக்கல் செய்யும் மானிய அறிக்கைகளையும் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். வழக்கறிஞன் அல்ல. ஆகவே சட்ட விளக்கத்தில் இரு கருத்து இருக்கும் இடங்களை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் நேரடியான பதில். விலையை வைப்பது டெல்லிதான். நெல்லுக்கு இவ்வளவுக்கு மேல் விலை கொடுக்கக் கூடாது என்று அந்த அமைப்பின் வேளாண் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடக் கிடையாது. ஆனால் அரசு விலையை அறிவித்து நெல்லை வாங்கும்போது அதில் எவ்வளவு மானியம் என்று கணக்குப் போட ஒரு சூத்திரம் இருக்கிறது. அந்தச் சூத்திரம் கோணலானது. அதைத் திருத்தக் கேட்டுத்தான் இந்தியா இத்தனை வருடமாக மல்லுக்கட்டுகிறது. திருத்த மறுப்பவர்களுக்கும் சில நியாயங்கள் உண்டு. அவற்றையும் கேட்டால்தான் இழுபறி ஏன் என்பது விளங்கும்.

ஒப்பந்தம் எப்படி வந்தது என்பதைச் சீக்கிரமாகச் சொல்லிவிடுகிறேன். 1947இல் உலக வர்த்தக அமைப்புக்கு முன்னோடியான காட் ஒப்பந்தம் வந்தபோது தொழிற்சாலைப் பொருட்களுக்குத்தான் விதிகள் இறுக்கமாக இருந்தன; விவசாயத்துக்கு ஓட்டைகள் ஏராளம். 1955இல் அமெரிக்கா தன் விவசாய இறக்குமதிக் கட்டுப்பாடுகளுக்குத் தனி விலக்கே வாங்கிக்கொண்டது. ஐரோப்பா தன் விவசாயிகளுக்கு உயர்ந்த விலை கொடுத்து வாங்கி, மிஞ்சிய வெண்ணெயையும் கோதுமையையும் மானியத்தோடு வெளிநாட்டுச் சந்தையில் தள்ளியது. 1980களில் இருவரும் போட்டி போட்டு விலையைக் குறைத்ததில் இருவர் கஜானாவும் இளைத்தது. அந்த நெருக்கடியில்தான் 1986 செப்டம்பரில் உருகுவே நாட்டின் புன்டா டெல் எஸ்தேயில் தொடங்கிய பேச்சுவார்த்தைச் சுற்றில் விவசாயம் முழுமையாகப் பேச்சுக்கு வந்தது. 1992 நவம்பரில் வாஷிங்டனின் பிளேர் ஹவுஸில் அமெரிக்காவும் ஐரோப்பியத் தரப்பும் தங்களுக்குள் முடித்துக்கொண்ட சமரசமே ஒப்பந்தத்தின் முதுகெலும்பு. 1994 ஏப்ரலில் மராகேஷில் மற்றவர்களும் கையெழுத்திட்டார்கள். 1995 ஜனவரி 1 முதல் அது அமலில் இருக்கிறது. இரண்டு பணக்காரத் தரப்புகளின் மானியச் சண்டையைத் தணிக்க எழுதியது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் அதன் பல விதிகள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது புரியும்.

மானியங்களை அந்த ஒப்பந்தம் பெட்டிகளாகப் பிரிக்கிறது. ஆராய்ச்சி, பயிற்சி, சாகுபடியோடு தொடர்பில்லாமல் கையில் கொடுக்கும் பணம் இவையெல்லாம் பச்சைப் பெட்டி, வரம்பே இல்லை. உற்பத்தியைக் கட்டுப்படுத்தும் நிபந்தனையோடு தருவது நீலப் பெட்டி. நமக்கு அதில் வேலை இல்லை. விலையையும் உற்பத்தியையும் நேரடியாகத் தூக்கிவிடும் மானியம் ஆம்பர் பெட்டி, அதற்குத்தான் வரம்பு. வளரும் நாடுகளுக்கு ஒரு பயிரின் மொத்த உற்பத்தி மதிப்பில் 10 சதவீதம் வரை விடுகிறார்கள், வளர்ந்த நாடுகளுக்கு 5 சதவீதம். 2001இல் சேர்ந்த சீனா 8.5 சதவீதத்துக்கு ஒப்புக்கொண்டது. இலவச பம்ப்செட் மின்சாரம், உர மானியம் இரண்டும் இந்த 10 சதவீதக் கணக்கில் வருவதில்லை. வருமானம் குறைந்த, வசதியற்ற விவசாயிகளுக்கான இடுபொருள் மானியத்துக்கு வளரும் நாடுகளுக்குத் தனி விலக்கு உண்டு. தன் விவசாயக் குடும்பங்களின் நில உடைமைகளில் 99.43 சதவீதம் அந்த வகைதான் என்று இந்தியா தெரிவித்திருக்கிறது. ஆகவே இலவச மின்சாரத்தை ஜெனீவா நிறுத்தச் சொல்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கேட்க 5 சதவீதத்தைவிட 10 சதவீதம் பெரிதாகத் தெரியும். ஆனால் வளர்ந்த நாடுகளுக்கு அதற்கு மேல் இன்னொரு கணக்கு இருக்கிறது. 1986 முதல் 1988 வரை எவ்வளவு ஆம்பர் மானியம் கொடுத்தார்களோ அதில் 20 சதவீதத்தைக் குறைத்துவிட்டு மீதியைத் தொடர்ந்து கொடுக்க அவர்களுக்கு உரிமை. அமெரிக்காவுக்கு அது வருடம் 1,910 கோடி டாலர். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 7,200 கோடி யூரோவுக்கு மேல். அந்த மொத்தத்தை எந்தப் பயிருக்கு எவ்வளவு என்று அவர்களே பிரித்துக்கொள்ளலாம். ஒரே பயிரில் கொட்டவும் வழி இருக்கிறது. இந்தியா அந்த வருடங்களில் தன் விவசாயிக்கு உலக விலையைவிடக் குறைவாகவே கொடுத்தது. அதனால் குறைப்பதற்கு ஒன்றுமில்லை, வைத்துக்கொள்வதற்கும் ஒன்றுமில்லை. 10 சதவீதம் மட்டும்தான். நிறையக் கொடுத்தவனுக்கு நிறைய உரிமை, கொடுக்காதவனுக்கு இல்லை என்ற இந்த ஏற்பாட்டை 2017இல் இந்தியாவும் சீனாவும் சேர்ந்து ஒரு மனுவாகவே வைத்தன. இந்த உரிமையில் 90 சதவீதத்துக்கு மேல், ஏறத்தாழ 16,000 கோடி டாலர், வளர்ந்த நாடுகளிடம் இருப்பதாக அதில் கணக்குக் காட்டினார்கள். எனக்கு இந்த ஒப்பந்தத்தில் மிகவும் கோபம் வரும் இடம் இதுதான்.

இனி அந்தச் சூத்திரம். அரசு ஒரு பயிருக்கு விலை அறிவித்தால் அந்த விலையிலிருந்து ‘வெளி ஒப்பீட்டு விலை’யைக் கழிக்க வேண்டும், வரும் வித்தியாசத்தை, அந்த விலையைப் பெறத் தகுதியுள்ள விளைச்சலின் அளவால் பெருக்க வேண்டும். வருவதுதான் மானியம். ஒப்பீட்டு விலை என்பது இன்றைய உலகச் சந்தை விலை அல்ல, 1986 முதல் 1988 வரையிலான சராசரி. அதை ஒப்பந்தத்திலேயே நிலையாக உறையவைத்துவிட்டார்கள். 1986-87இல் சாதா நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த விலை குவிண்டால் 146 ரூபாய். 2025-26இல் 2,369 ரூபாய். டீசலும் ஆள்கூலியும் உரமும் நாற்று நடவும் ஏறிய வேகம் விவசாயம் செய்பவர்களுக்குத் தெரியும். சூத்திரத்துக்கு அது தெரியாது.

ஒரு வருடத்தை எடுத்து நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2018-19. சாதா நெல் ஆதரவு விலை குவிண்டால் 1,750 ரூபாய், அதாவது டன்னுக்கு 17,500. ஒரு டன் நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 670 கிலோ அரிசி. ஆகவே அரிசிக் கணக்கில் டன் சுமார் 26,100 ரூபாய். அன்றைய மாற்று மதிப்பை 70 ரூபாய் என்று வைத்தால் சுமார் 373 டாலர். இந்தியா எடுத்துக்கொள்ளும் ஒப்பீட்டு விலை டன்னுக்கு 262.51 டாலர். வித்தியாசம் 110 டாலர். அந்தப் பருவத்தில் அரசு வாங்கியது சுமார் 4.4 கோடி டன் அரிசி. பெருக்கினால் 480 கோடி டாலருக்கு மேல் வருகிறது. இந்தியா அதிகாரபூர்வமாக அறிவித்த எண்ணும் இதற்குப் பக்கத்தில்தான்: அரிசி உற்பத்தி மதிப்பு 4,367 கோடி டாலர், மானியம் 500 கோடி டாலர், அதாவது 11.46 சதவீதம். 10 சதவீத வரம்பைத் தாண்டிவிட்டோம் என்று 2020இல் இந்தியாவே எழுதிக்கொடுத்தது.

இப்போது இதைப் பாருங்கள். அதே 2018-19இல் தாய்லாந்தின் 5 சதவீத நொய் கலந்த அரிசி ஏற்றுமதிச் சந்தையில் டன் 400 டாலருக்கு மேல் விற்றது. நம் விவசாயிக்குக் கொடுத்த விலையை அரிசிக் கணக்கில் போட்டாலே 373 டாலர்தான். அரவைச் செலவு, போக்குவரத்து, ரக வித்தியாசம் எல்லாம் சேர்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். அதாவது அன்றைய உலக விலையோடு ஒப்பிட்டால் மானியம் அநேகமாகப் பூஜ்யம். 30 வருடத்துக்கு முந்தைய விலையோடு ஒப்பிட்டால் வரம்பு மீறல். விதி எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அளவுமீறிய பணவீக்கத்தைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று 18ஆம் பிரிவில் ஒரு வாசகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் எப்படிக் கருத்தில் கொள்வது என்று சொல்லவில்லை.

இதுவரை சொன்னவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லை. இனிமேல்தான் சர்ச்சை. 2018 மே மாதம் அமெரிக்கா இந்தியாவின் கணக்கு தவறு என்று சொல்லித் தானே ஒரு கணக்கைத் தாக்கல் செய்தது. 2010-11 முதல் 2013-14 வரையான காலத்தில் அரிசிக்கு 70 சதவீதத்துக்கு மேல், கோதுமைக்கு 60 சதவீதத்துக்கு மேல் மானியம் என்றது. 10 எங்கே, 70 எங்கே? இரண்டு இடத்தில் வேறுபாடு. இந்தியா டாலரில் கணக்குப் போடுகிறது. அமெரிக்கா ரூபாயில் போடுகிறது. 1986-88 ஒப்பீட்டு விலை ரூபாயில் டன் 3,520 தான். ரூபாயின் மதிப்பு சரிந்தது முழுவதும் அப்போது மானியமாக மாறிவிடும். அடுத்தது, இந்தியா உண்மையில் வாங்கிய அளவால் பெருக்குகிறது. அமெரிக்கா மொத்த விளைச்சலால் பெருக்குகிறது. நான் மேலே போட்ட 2018-19 கணக்கையே அமெரிக்க முறையில் போட்டால் 80 சதவீதத்தையும் தாண்டும். அதே நெல், அதே விலை, அதே கொள்முதல்.

யார் பக்கம் சட்டம்? நேர்மையாகச் சொன்னால் இரண்டிலும் இந்தியாவின் வாதம் உறுதியாக நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது. இந்தியா ஆரம்பத்தில் தாக்கல் செய்த அடிப்படை ஆவணம் ரூபாயில் இருந்தது. ‘தகுதியுள்ள விளைச்சல்’ என்பது வாங்கிய அளவு அல்ல, வாங்கப்பட உரிமையுள்ள அளவு என்று 2000இல் தென்கொரிய மாட்டிறைச்சி வழக்கில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு சொல்லியிருக்கிறது. இந்தியாவில் அனைத்து நெல்லும் அரசுக் கொள்முதலுக்கு உரிமையுள்ளதா, அல்லது கொள்முதல் நிலையம் இருக்கும் இடத்தில் விளைந்தது மட்டுமா என்பது வழக்கு வந்தால்தான் தீரும்.

வழக்கு ஏன் வரவில்லை? அங்கேதான் சமாதான ஷரத்து வருகிறது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. கிராமப்புற மக்களில் 75 சதவீதம், நகர்ப்புறத்தில் 50 சதவீதம் பேருக்கு மாதம் 5 கிலோ தானியம் உரிமையானது. அதற்குக் கொள்முதல் பெருக வேண்டும், பெருகினால் வரம்பு உடையும். அதற்கு முந்தைய ஆண்டே வளரும் நாடுகளின் கூட்டணியான ஜி-33 நாடுகள் விதியைத் திருத்தக் கேட்டிருந்தன. 2013 டிசம்பரில் பாலியில் நடந்த உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாட்டில் கிடைத்தது திருத்தம் அல்ல, ஒரு தற்காலிக ஏற்பாடு: நிரந்தரத் தீர்வு வரும்வரை இத்தகைய கொள்முதல் திட்டங்கள் மீது வேளாண் ஒப்பந்தத்தின் கீழ் வழக்குப் போட மாட்டோம் என்பதே சமாதான ஷரத்து. வாசகம் தெளிவாக இல்லை, 4 வருடத்தோடு காலாவதியாகிவிடுமோ என்ற பயம் இருந்தது. 2014 ஜூலையில் புதிய அரசின் வர்த்தக அமைச்சர் நிர்மலா சீதாராமன் காலத்தில் இந்தியா ஒரு கடினமான முடிவெடுத்தது. பணக்கார நாடுகள் ஆவலோடு காத்திருந்த சுங்க நடைமுறை எளிமையாக்க ஒப்பந்தத்துக்குச் சம்மதம் தர மறுத்தது. உலகப் பத்திரிகைகள் கடுமையாகத் திட்டின. நவம்பரில் அமெரிக்கா இறங்கிவந்தது. நிரந்தரத் தீர்வு வரும்வரை சமாதான ஷரத்து செல்லும் என்று உலக வர்த்தக அமைப்பின் பொதுக்குழு எழுத்தில் உறுதி செய்தது. இந்தியா அன்று அப்படி நின்றது சரி என்றே நினைக்கிறேன். பேரத்தில் கையில் ஒன்று இருக்கும்போது மட்டுமே மற்றவர் செவிசாய்க்கிறார்.

ஆனால் சமாதான ஷரத்து முழுப் பாதுகாப்பு அல்ல. 2013 டிசம்பர் 7 அன்று நடப்பிலிருந்த திட்டங்களுக்கு மட்டுமே பொருந்தும். பாரம்பரிய உணவுத் தானியங்களுக்கு மட்டுமே. ஒவ்வொரு வருடமும் விவரம் தர வேண்டும். வாங்கிய தானியம் பிற நாட்டுச் சந்தையைக் கெடுக்கக் கூடாது. பொது மானிய ஒப்பந்தத்தின் கீழ் யாராவது வழக்குத் தொடுத்தால் அதை இது தடுக்காது. 2018-19க்காக இந்தியா இதைப் பயன்படுத்தியது; முதன்முதலில் பயன்படுத்திய நாடும் நாம்தான். அடுத்த ஆண்டுக்கும் 13.7 சதவீதம் என்று அறிவித்து மறுபடி பயன்படுத்தினோம். நிரந்தரத் தீர்வு 2017க்குள் என்றார்கள். அந்த டிசம்பரில் புவனோஸ் ஐரிஸ் மாநாடு வெறுங்கையோடு முடிந்தது. 2024இல் அபுதாபியிலும் விவசாயத்தில் முடிவில்லை.

எதிர்ப்பவர்கள் எல்லாரும் பணக்கார நாடுகள் என்று நினைத்தால் தவறு. தாய்லாந்து, பாகிஸ்தான், உருகுவே, பராகுவே ஆகியவையும் கேள்வி கேட்கின்றன. பாகிஸ்தான் ஜி-33 குழுவிலேயே இருக்கும் நாடு. அவர்கள் கவலை இது: இந்தியா 2022-23இல் 2.2 கோடி டன் அரிசி ஏற்றுமதி செய்தது. உலக அரிசி வியாபாரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் நம்முடையது. அரசு இவ்வளவு நெல்லை வாங்கிக் குறைந்த விலைக்கோ இலவசமாகவோ உள்ளூரில் கொடுத்தால், வெளிச் சந்தையில் மிஞ்சும் அரிசி மலிவாகி ஏற்றுமதிக்குப் போகிறது, எங்கள் விவசாயி அடிபடுகிறார் என்கிறார்கள். அபுதாபியில் தாய்லாந்தின் தூதர் இதை வெளிப்படையாகவே சொன்னார். இந்தியா முறைப்படி எதிர்ப்புத் தெரிவித்தது. ரேஷன் அரிசி அப்படியே கப்பலேறுகிறது என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. ஆனால் கொள்முதல் இருப்பதால் பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் பரப்பு பெருகியதும், அதனால் நாட்டின் மொத்த அரிசி பெருகியதும் உண்மை. மலைப்பிரதேசத்தில் ஒன்றரை ஏக்கரில் நெல் போடும் ஒரு தாய்லாந்து விவசாயியின் இடத்தில் நின்று பார்த்தால் அவர் கேட்பதில் நியாயமே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு பக்கம், அரிசி வாங்கிச் சாப்பிடும் நாடுகள். 2007-08இல் இந்தியாவும் வியட்நாமும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது தாய்லாந்து அரிசி விலை சில மாதங்களில் டன் 1,000 டாலர் வரை போனது. 2023 ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்து, 2024 செப்டம்பரில்தான் விட்டது. பிலிப்பைன்ஸும் செனகலும் இதை மறக்கவில்லை. மலிவாக அனுப்பினால் தாய்லாந்துக்குக் கோபம், அனுப்பாவிட்டால் செனகலுக்குக் கோபம். உணவுப் பாதுகாப்பு என்று நாம் சொல்லும்போது அவர்கள் தங்கள் உணவுப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்கிறார்கள்.

30 வருடமாக ஏன் தீரவில்லை என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது. 2001இல் தோஹாவில் தொடங்கிய சுற்றுக்கு ‘வளர்ச்சி’ என்று பெயர் வைத்தார்கள். 2003 கான்குன் மாநாட்டில் பெனின், புர்கினா பாசோ, சாட், மாலி என்ற நான்கு ஏழை ஆப்பிரிக்க நாடுகள் எழுந்து, அமெரிக்கப் பருத்தி மானியம் எங்கள் விவசாயிகளின் வயிற்றில் அடிக்கிறது என்றன. உருப்படியான பதில் வரவில்லை. பிரேசில் வழக்குப் போட்டு 2005இல் ஜெயித்தது; அமெரிக்கா மானியத்தை விடுவதற்குப் பதில் பிரேசிலுக்கே பணம் கொடுத்தது, 2014இல் 30 கோடி டாலரோடு அந்த வழக்கு முடிந்தது. மாலி விவசாயிக்கு அதில் ஒன்றும் வரவில்லை. வழக்காட வசதியுள்ள நாடு இழப்பீடு வாங்கியது, வசதியில்லாத நாடு காத்திருக்கிறது.

2008 ஜூலையில் ஜெனீவாவில் தோஹா சுற்று கைகூடும்போல இருந்தது. இறக்குமதி திடீரென்று பெருகினால் வரியை ஏற்றிக்கொள்ளும் தனிப் பாதுகாப்பு உரிமையில் வந்து முட்டியது. இறக்குமதி எவ்வளவு கூடினால் வரி ஏற்றலாம்? அமெரிக்கா 40 சதவீதம் என்றது. இந்தியா அதைவிட மிகக் குறைந்த சதவீதத்தைக் கேட்டது. அன்றைய அமைச்சர் கமல்நாத் இறங்கவில்லை, அமெரிக்கத் தரப்பில் சூசன் ஷ்வாப் இறங்கவில்லை. கூட்டம் உடைந்தது. வெறும் சதவீதச் சண்டை போலத் தோன்றும். ஆனால் 40 சதவீதம் கூடும்வரை காத்திருந்தால் அந்தப் பருவ அறுவடையின் விலை அதற்குள் விழுந்திருக்கும்.

முறையும் ஒரு தடை. இப்போது 166 உறுப்பு நாடுகள். வாக்கெடுப்பு நடப்பதில்லை, ஒருவரும் மறுக்காமல் இருந்தால்தான் முடிவு. வரைவுகளில் உடன்பாடு வராத சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டுவைப்பார்கள். வேளாண் வரைவு ஒன்றைப் பிரித்தால் ஒரே வாக்கியத்தில் மூன்று நான்கு அடைப்புக்குறிகள் இருக்கும். எந்தப் பயிர், எந்த நாடு, எந்த ஆண்டு முதல் என்ற ஒவ்வொன்றும் தனித்தனி அடைப்புக்குள். நள்ளிரவு தாண்டிய சிறுகூட்டங்களுக்குப் பெரிய நாடுகள் துறைக்கொரு நிபுணரை அனுப்பும். சில ஏழை நாடுகளுக்கு எல்லாத் துறைக்கும் சேர்த்து இரண்டு மூன்று அதிகாரிகள்தான். இந்த அமைப்பால் ஒன்றுமே ஆகவில்லை என்று சொல்வதும் சரியல்ல. 2015இல் நைரோபியில் ஏற்றுமதி மானியங்களை ஒழிக்க முடிவானது. உலகச் சந்தையில் வெண்ணெயைத் தள்ளிய அந்தப் பழைய வேலைக்கு முற்றுப்புள்ளி வைத்தது சாதாரண விஷயம் அல்ல.

வெளியே வரலாமா? சட்டப்படி முடியும். எழுத்தில் அறிவித்தால் 6 மாதத்தில் வெளியே. ஆனால் நம் வேளாண் ஏற்றுமதி 2021-22இல் 5,000 கோடி டாலரைத் தாண்டியது. அரிசி, இறால், மசாலா, பருத்தி எல்லாவற்றுக்கும் விதிப்படி மற்ற நாடுகள் நம்மிடம் மற்றவர்களைவிட அதிக வரி கேட்கக் கூடாது என்பது உறுப்பினராக இருப்பதால்தான். வெளியேறினால் ஒவ்வொரு நாட்டிடமும் தனியாகப் பேச வேண்டும், தனியாகப் பேசும்போது எதிரில் இருப்பவர் பெரியவராக இருந்தால் பால், சோயா, மக்காச்சோளம் என்று நாம் விட்டுக்கொடுக்க முடியாத இடத்தில் கைவைப்பார். 2019 நவம்பரில் ஆசிய-பசிபிக் நாடுகளின் வர்த்தகக் கூட்டமைப்பான ஆர்செப்பிலிருந்து நாம் விலகியதற்குப் பால் விவசாயிகளின் அச்சம் ஒரு முக்கியக் காரணம். இந்த அமைப்புக்கு வெளியே பேரம் பேசுவது எவ்வளவு கடினம் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் வீட்டுக் குறைகளை ஜெனீவா தலையில் போடுவதையும் ஏற்க முடியவில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்தைக் காட்டித் திருப்பி அனுப்புவது, சாக்கு இல்லை என்று களத்தில் நெல்லை மழையில் நனையவிடுவது, மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்பது, இவற்றில் ஒன்றைக்கூட எந்த ஒப்பந்தமும் செய்யச் சொல்லவில்லை. தமிழ்நாடு அரசு மத்திய விலைக்கு மேல் ஊக்கத்தொகை சேர்த்து 2025-26 பருவத்தில் சாதா நெல்லுக்கு 2,500, சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய் கொடுக்க அறிவித்தது. ஒப்பந்தக் கணக்கில் மாநிலம் தருவதும் மத்திய அரசு தருவதும் ஒன்றாகத்தான் பார்க்கப்படும். ஆனாலும் அதை அறிவிக்க யாரும் ஜெனீவாவைக் கேட்கவில்லை.

ஆதரவு விலையைச் சட்டமாக்கக் கேட்கும் கோரிக்கையில் மட்டும் ஜெனீவா உண்மையிலேயே குறுக்கே வருகிறது. கரும்பு வழக்கைப் பார்த்தால் விளங்கும். பிரேசில், ஆஸ்திரேலியா, குவாதமாலா மூன்றும் தொடுத்த வழக்கில் இந்தியா சொன்ன வாதம்: கரும்பை அரசு வாங்கவில்லை, பணம் கொடுப்பது ஆலைகள், ஆகவே இது அரசு மானியம் அல்ல. 2021 டிசம்பரில் விசாரணைக் குழு அதை ஏற்கவில்லை. விலையைக் கட்டாயமாக்கினாலே போதும், அரசு ஒரு பைசா செலவழிக்காவிட்டாலும் அது விலை ஆதரவுதான் என்றது. இந்தியா மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டு அமர்வு 2019 டிசம்பரிலிருந்து போதிய நீதிபதிகள் இல்லாமல் முடங்கிக் கிடப்பதால் தீர்ப்பு நிலுவையில் நிற்கிறது. விசாரணைக் குழுவின் அந்த வாதம் நாளை நெல்லுக்குப் பொருத்தப்பட்டால், வியாபாரியும் இந்த விலைக்குக் கீழே வாங்கக் கூடாது என்று சட்டம் போட்ட அன்றே மொத்த விளைச்சலும் ‘தகுதியுள்ள விளைச்சல்’ ஆகிவிடும். 2013க்குப் பிறகு வந்த புதுத் திட்டம் என்பதால் சமாதான ஷரத்தும் உதவாமல் போகலாம். இது என் கணிப்பு. சட்டம் எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்து மாறும்.

அதற்கு ஒரு வழி ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கிறது. சந்தை விலை ஆதரவு விலைக்குக் கீழே போனால், விலையைக் கட்டாயமாக்காமல், வித்தியாசத்தை மட்டும் அரசு விவசாயி கணக்கில் போடலாம். அப்படிக் கொடுப்பதை 1986-88 விலையை வைத்துக் கணக்கிட வேண்டியதில்லை, உண்மையில் செலவழித்த தொகையை வைத்தே காட்ட மூன்றாம் இணைப்பில் இடம் உண்டு. மத்தியப் பிரதேசம் 2017இல் பாவாந்தர் என்ற பெயரில் இதைச் செய்து பார்த்தது. எப்படியும் மீதியை அரசு தரும் என்று தெரிந்ததும் வியாபாரிகள் மண்டியில் விலையை இறக்கிவிட்டார்கள் என்ற புகார் உடனே எழுந்தது. வாங்க அரசு நிற்காத இடத்தில் விலை விழுவதைத் தடுக்க ஆள் இல்லை. ஆகவே டெல்டாவில் கொள்முதல் நிலையத்தை மூடிவிட்டு அந்த முறைக்கு மாறச் சொல்ல மாட்டேன். நெல்லுக்குக் கொள்முதல் தொடரட்டும். கொள்முதலே எட்டாத உளுந்து, நிலக்கடலை, எள் போன்ற பயிர்களுக்கு வித்தியாசத் தொகை முறையைக் கேளுங்கள் என்பேன். ஜெனீவாவைக் காரணம் காட்டி மறுக்க அவற்றில் அரசுக்கு அதிக இடமில்லை.